படத்தின் அடியில் இருக்கும் 1630 வரைந்த ஆண்டு அல்ல

மேலே கருத்து எழுதிய ஒருவர், ஆற்றங்கரைச் சிற்றூரும் கோட்டையும் உள்ள, நெதர்லாந்து ஓவியர் ராடமாக்கரின் இந்த அச்சுப்படத்தின் அடியில் 1630 என்று இருப்பதால், அந்த ஆண்டில் நேரில் பார்த்து வரைந்தது என்கிறார். அது நடக்கவே முடியாது. ஆபிரகாம் ராடமாக்கர் பிறந்ததே 1670களில்தான், இறந்தது 1735இல். நெதர்லாந்தின் பழங்கட்டடங்களைக் காட்டும் 300 சிறு அச்சுப்படங்களை அவர் 1725இல் ஆம்ஸ்டர்டாமில் தொகுப்பாக வெளியிட்டார். அவற்றின் அடியில் வரும் ஆண்டு, அந்த இடம் எந்தக் காலத்துத் தோற்றத்தில் காட்டப்படுகிறது என்பதற்கானது. அச்சிட்ட ஆண்டு வேறு.

சரி, பார்க்காததை எப்படி வரைந்தார்? முந்தைய தலைமுறை ஓவியர்களின் படங்களைப் பார்த்துத்தான். 1672-73இல் பிரெஞ்சுப் படை நெதர்லாந்துக்குள் புகுந்தபோது அங்குள்ள ஃபெக்ட் ஆற்றங்கரைக் கோட்டைகள் சில தரைமட்டமாகின. அங்கிருந்த நைன்ரோடு கோட்டை எரிந்து, பிறகு திரும்பக் கட்டப்பட்டது. இடிந்தவற்றின் பழைய உருவத்துக்கு ராடமாக்கருக்கு வேறு வழியில்லை. அப்படிப்பட்ட முந்தைய தலைமுறை ஓவியர் ரூலண்ட் ரோக்மன் 1646-47இல் ஊர் ஊராகப் போய் வரைந்த இருநூற்றுக்கும் மேற்பட்ட கோட்டைப் படங்கள் இன்றும் இருக்கின்றன. இந்தப் படத்தில் உள்ள கோட்டை அதில் இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள், நேரில் பார்த்தவர் கை அது. அப்புறம், ஒப்பிடும்போது, அச்சுக்காகச் செப்புத்தகட்டில் வரைந்தது தாளில் இடவலம் மாறி விழும் என்பதையும் மறக்க வேண்டாம்.