கருத்தடை முகாம் போட்டோவுல வராத கணக்கு

ஊர்ப்புறத்துல நாய் பூனைக்கு இலவச கருத்தடை முகாம் நடந்தா அன்னிக்கு சாயங்காலமே போட்டோ வந்துடும். பச்சை கவுன்ல டாக்டருங்க, பின்னாடி பேனர், மேல "ஒரே நாள்ல இத்தனை ஆபரேஷன்"னு கொட்டை எழுத்துல ஒரு நம்பர். ஹார்ட் குவியும். அந்த உழைப்ப நான் குறை சொல்ல வரல, விடிஞ்சதுலேர்ந்து நின்ன எடத்துல நின்னு தைச்சுட்டே இருக்குறது என்ன பாடுன்னு அவங்க இடுப்பைக் கேட்டா தெரியும். ஆனா அந்த நம்பர் இருக்கு பாருங்க, அது மேல எனக்கு ரொம்ப நாளா ஒரு கடுப்பு. இன்னிக்கு எழுதித் தீத்துடலாம்னு உக்காந்துட்டேன், நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

நான் டாக்டர் இல்ல. வாலண்டியரா போனா கத்தி புடிக்கிற பக்கமே எட்டிப் பாக்க மாட்டேன், ஆபரேஷன் முடிஞ்சு வர்றதுங்க கண்ணு முழிக்கிற வரைக்கும் தரையில விரிச்ச போர்வை பக்கத்துல உக்காந்திருக்குற ஆளு. அந்த எடத்துல உக்காந்து பாத்தா ஒரு முகாமோட லட்சணம் மொத்தமும் தெரிஞ்சுடும்.

நம்பர் விஷயத்துக்கே முதல்ல வரேன். ஒரு கடுவன் பூனைக்கு கை பழகுன டாக்டர் சில நிமிஷத்துல முடிச்சுடுவாரு. பொட்டை நாய்னா அப்படியில்ல, வயித்தத் திறந்து சினைப்பை கர்ப்பப்பை ரெண்டையும் எடுக்கணும், அது ஹீட்ல, அதாவது இணை தேடுற பருவத்துல, இருந்தாலோ சினையா இருந்தாலோ ரத்தக்குழாய் எல்லாம் பெருத்துப் போயிருக்கும், பொறுமையா கட்டணும், நேரம் இழுக்கும். அப்ப நம்பர் ஏறணும்னா என்ன பண்ணுவாங்க? கடுவனா வர்றத எல்லாம் உள்ள விடுவாங்க. ஆனா ஒரு ஊர்ல இருக்குற ஆம்பள நாய்ல முக்காவாசிக்கு மேல பண்ணி முடிச்சாலும், மிச்சம் நிக்கிற ரெண்டு மூணு போதும் ஊர்ல இருக்குற பொட்டை எல்லாத்தையும் சினையாக்க. வர்ற வருஷம் எத்தனை குட்டி விழும்னு தீர்மானிக்கிறது ஆபரேஷன் ஆகாத பொட்டைங்கதான். கடுவனுக்கு பண்றது வீண்னு சொல்லல, ஹீட்டுக்கு அலைஞ்சு ரோட்டுல அடிபடுறது, கடிச்சுக்கிறது, உறவு வழியா பரவுற TVTங்கற புத்துக்கட்டி, இதெல்லாம் குறையும். ஆனா டேபிளும் டாக்டரும் அளவாத்தான் இருக்குன்னா பொட்டைக்குத்தான் முதல் எடம். அதனால எந்த முகாம் போட்டோ பாத்தாலும் "இதுல பொட்டை எத்தனை?"ன்னு கமென்ட்ல கேட்டுடறேன், பாதி பேரு பதில் சொல்றதில்ல.

அடுத்த வியாதி, ஊர் ஊரா போறது. இந்த மாசம் ஒரு ஊர், அடுத்த மாசம் அம்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு ஊர், அடுத்தது வேற மாவட்டம். மேப்ல புள்ளி வச்சா பாக்க நல்லாருக்கும், நன்கொடை குடுக்குறவங்களுக்கு காட்டவும் வசதி. ஆனா ஒவ்வொரு ஊர்லயும் நாலுல ஒரு பொட்டைக்கு மட்டும் பண்ணிட்டு கிளம்பிட்டா மிச்ச மூணும் குட்டி போடுது, சாப்பாடும் எடமும் இருக்கறதால அந்தக் குட்டிங்கள்ல நிறைய பொழைக்குது, ரெண்டு வருஷத்துல நீங்க வந்துட்டுப் போன அடையாளமே இருக்காது. நாய் சராசரியா ஆறேழு மாசத்துக்கு ஒருக்கா ஹீட்டுக்கு வரும், ரெண்டு மாசத்துல குட்டி. பூனை இன்னும் மோசம், நாலு மாசக் குட்டியே சினையாகலாம், பால் குடுத்துட்டு இருக்கும்போதே அடுத்த சினையும் பிடிச்சுக்கும்.

உருப்படியா நடந்ததை பாருங்க. ஜெய்ப்பூர்ல 1994ல ஹெல்ப் இன் சஃபரிங்னு ஒரு அமைப்பு தெருநாய்ங்களுக்கு கருத்தடையும் ரேபிஸ் தடுப்பூசியும் சேத்து போட ஆரம்பிச்சாங்க. குறிச்ச ஒரே ஏரியாவுல, வருஷக்கணக்கா, விடாம. எட்டு வருஷத்துல அங்க பொட்டை நாய்ல 65 சதவீதத்துக்கு முடிஞ்சது, நாய் எண்ணிக்கை 28 சதவீதம் குறைஞ்சது, அந்த ஏரியாவுல மனுஷங்களுக்கு ரேபிஸ் வர்றது பூஜ்யத்துக்கு வந்துச்சு. பின்னாடி நாய்க்கடியும் குறைஞ்சதா அவங்களே ஆய்வு போட்டாங்க, குட்டி வச்சிருக்குற தாய்தான் கிட்ட வர்றவங்க மேல பாயும், குட்டியே இல்லன்னா அந்தப் பாய்ச்சலும் இல்ல. அது நகரம்ல, கிராமத்துக்கு எப்படி ஒத்து வரும்னு கேட்டா, பூட்டான். மலையும் குக்கிராமமுமா இருக்குற நாடு, 2009ல ஆரம்பிச்சாங்க, 2023ல நாடு முழுக்க தெருநாய்ங்க எல்லாத்துக்கும் முடிச்சுட்டோம்னு அறிவிச்சாங்க, 1,50,000 நாய்க்கு மேல. பதினாலு வருஷம் ஆகியிருக்கு. ஒரு ஞாயித்துக்கிழமைல முடியுற சமாச்சாரம் இல்ல இது.

ரேபிஸ் பத்தி பேசும்போது ஒண்ணு சொல்லிடறேன், நிறைய பேரு குழப்பிக்கிறாங்க. ரேபிஸ நிறுத்துறது தடுப்பூசி, கருத்தடை இல்ல. உலகத்துல வருஷத்துக்கு கிட்டத்தட்ட 59,000 பேர் இதுல சாகுறாங்க, அதுல 99 சதவீதம் நாய் மூலமா வர்றது, ஒரு பகுதியில 70 சதவீத நாய்க்கு ஊசி போட்டா அங்க பரவுறது நின்னுடும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. கருத்தடை இதுல எங்க உதவுதுன்னா, புதுக் குட்டிங்க வந்துட்டே இருந்தா ஊசி போடாத நாயோட பங்கு ஏறிட்டே போகும், குட்டி குறைஞ்சா போட்ட ஊசிக்கு பலன் நிக்கும். அதனால மயக்கத்துல படுத்திருக்கும்போதே ரேபிஸ் ஊசிய போட்டு அனுப்பாத முகாம்னா எனக்கு அது முகாமே இல்ல.

சைடுல ஒரு விஷயம். "ஒரு ஜோடி பூனை ஏழு வருஷத்துல 4,20,000 ஆகும்"னு ஒரு போஸ்டர் சுத்தும், தயவுசெஞ்சு அத ஷேர் பண்ணாதீங்க. அந்தக் கணக்குல ஒரு குட்டி கூட சாகாது. அமெரிக்காவுல தெருப்பூனைக் குட்டிங்கள பின்தொடர்ந்து பாத்த ஒரு ஆய்வுல நாலுல மூணு பங்கு ஆறு மாசம் ஆகுறதுக்குள்ள செத்துப்போச்சு, இல்ல காணாமப் போச்சு. நியாயமா போஸ்டர்ல போட வேண்டியது அந்த நாலுல மூணு தான். பொய்க் கணக்கு சொல்லி பயமுறுத்துனா ஊர்க்காரங்க சிரிப்பாங்க, அவங்க வீட்டுப் பூனை ஏழு வருஷமா எத்தனை போட்டுச்சு எத்தனை தங்குச்சுன்னு அவங்களுக்குத் தெரியாதா என்ன.

சரி, என் போர்வைக்கு வரேன். பிரிட்டன்ல மயக்க மருந்து மரணங்கள பத்தி 2008ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு. ஆபரேஷனை ஒட்டி செத்துப்போன நாய்கள்ல கிட்டத்தட்ட பாதி, பூனைகள்ல 60 சதவீதம், ஆபரேஷன் எல்லாம் நல்லபடியா முடிஞ்சதுக்கு அப்புறம் செத்திருக்கு, அதுலயும் நிறைய முதல் மூணு மணி நேரத்துக்குள்ள. எல்லா வசதியும் இருக்குற நாட்டு ஆஸ்பத்திரிகள்லயே இப்படி. முகாம்ல எல்லாரும் கண்ணு வச்சு பாக்குறது லைட்டு அடிக்கிற டேபிளை, உயிரு போற எடம் மூலைல இருக்குற போர்வை.

அங்க என்ன நடக்கும்னா, வயித்த ஷேவ் பண்ணி ஸ்பிரிட் போட்டு துடைச்சிருப்பாங்க, மயக்கத்துல உடம்பு தானா சூட்டைப் பிடிச்சு வச்சுக்காது, சின்னப் பூனைக்குட்டி பத்து நிமிஷத்துல சில்லுனு ஆயிடும். சில்லுனு ஆனா மருந்து உடம்ப விட்டு போக நேரமாகும், முழிக்காது, முழிக்கலன்னா இன்னும் சில்லுனு ஆகும். சுடுதண்ணி பாட்டில துணி சுத்தி பக்கத்துல வைக்கணும், நேரா வச்சா தோலு வெந்துடும், அதுக்கு வலிச்சாலும் நகர முடியாது. கெட்டமின்ங்கற மயக்க மருந்து போட்டதுங்களுக்கு கண்ணு திறந்தே இருக்கும், ஆயின்மென்ட் வைக்கலன்னா கருவிழி காஞ்சு புண்ணாயிடும். நாக்க வெளிய இழுத்து விடணும், பக்கம் மாத்திப் படுக்க வைக்கணும், ஈறு வெளுக்குதா பாக்கணும், ஏன்னா உண்ணி கடிச்சு எர்லிச்சியாங்கற நோய் வந்திருக்குற நாய்ங்களுக்கு ரத்தம் சரியா உறையாம உள்ளயே கசியும், வெளிய ஒரு சொட்டு தெரியாது. குட்டிங்களுக்கு சர்க்கரை இறங்கிடும், பெரிய நாய்க்கு சொல்ற அதே ராத்திரிப் பட்டினிய ரெண்டு மாசக் குட்டிக்கும் சொல்லி அனுப்புற முகாம் உண்டு, காலைல துவண்டு போய் வரும். இதுக்கெல்லாம் டாக்டர் வேணாம், நிதானமான ஆளுங்க நாலு பேரு போனை கீழ வச்சுட்டு உக்காந்தா போதும். ஆனா வாலண்டியரா வர்ற பத்து பேர்ல எட்டு பேருக்கு ஆபரேஷன் பாக்கணும், கையுறை போட்டு நிக்கணும், போட்டோ எடுக்கணும். எடை பாத்து எழுதுறதுக்கு, கழுத்துல நம்பர் டேப் கட்டுறதுக்கு, கத்தரி கழுவுறதுக்கு ஆள் கிடைக்காது. எடைய கண்ணளவுல போட்டா மயக்க மருந்தும் கண்ணளவுதான்.

இன்னொரு பேச்சு அடிக்கடி காதுல விழும், "இலவசமாத்தானே பண்றோம், இந்த வசதிக்கு இவ்வளவுதான் முடியும்"னு. கோவம் வருது எனக்கு. ஒவ்வொரு உயிருக்கும் கிருமி நீக்குன கத்தரி, கருவி இருக்குற தனி ஸ்டெரைல் பேக், வலி மருந்து, உள்ள வச்ச பஞ்சுத்துணிய எண்ணி எடுக்குறது, இதெல்லாம் சொகுசு இல்ல. மரத்தடி பள்ளிக்கூடத்துல கூட ஆட்டோகிளேவ் பண்ணுன, அதாவது அழுத்தமான நீராவில கிருமி நீக்குன பேக் எடுத்துட்டுப் போகலாம். எடுத்துட்டு வந்தது நாப்பது பேக்னா நாப்பதோட நிறுத்தணும், நாப்பத்தி ஒண்ணாவதுக்கு பழைய கத்தரிய ஸ்பிரிட்ல முக்கி எடுக்கக் கூடாது. நீங்க கிளம்புனதுக்கு அப்புறம் சீழ் பிடிச்சா அதுக்கு பக்கத்துல ஆஸ்பத்திரி கிடையாது, அதனாலதானே நீங்களே அங்க போனீங்க? வசதி இல்லாத எடத்துலதான் சுத்தம் கூடுதலா இருக்கணும். தையலும் அப்படித்தான், தானா கரையுற நூலுல தோலுக்கு உள்ளயே தைச்சுட்டா பிரிக்க வேண்டியதில்ல, நக்கி இழுக்கவும் சுலபமா சிக்காது. பத்து நாள் கழிச்சு தையல் பிரிக்க கூட்டிட்டு வாங்கன்னு சொல்லிட்டு வண்டி ஏறுனா எங்க கூட்டிட்டு வர்றது?

மாணவர்கள் விஷயம் கொஞ்சம் சிக்கல். கத்துக்கணும், வேற வழியில்ல, அமெரிக்கால பழங்குடி மக்கள் பகுதிகள்ல ஆர்ஏவிஎஸ்னு ஒரு அமைப்பு மாணவர்கள வச்சேதான் பல வருஷமா நடத்துது, ஆனா தேர்ந்த டாக்டருங்க கூடவே நிக்கிறாங்க. நான் சொல்றது அதை இல்ல. காலேஜ்ல கைல கத்தி கிடைக்காதவங்கள வண்டியில ஏத்திட்டு வந்து, கேள்வி கேக்க ஆளில்லாத ஊர்ல, ஒரு சின்ன பொட்டை நாய ஒன்றரை மணி நேரம் திறந்து வச்சுட்டு சினைப்பைய தேடிட்டு இருக்குறது. அந்த நாயோட சொந்தக்காரர் வெளிய கயித்த கைல சுத்திட்டு நின்னுட்டு இருப்பாரு. அவர்கிட்ட யாரும் "மாணவர்தான் பண்றாரு, உங்களுக்கு சம்மதமா"ன்னு கேட்டிருக்க மாட்டாங்க. கேக்கணுங்க.

"ஒரு ஈத்து ஈனட்டும், அப்புறம் பண்ணிக்கலாம்", "கடுவனுக்கு பண்ணா வீரம் போயிடும், காவலுக்கு ஆகாது" இதெல்லாம் சொல்ற ஊர்க்காரங்கள படிக்காதவங்கன்னு இளக்காரமா பேசுறது இன்னொரு வியாதி. ஒரு ஈத்து ஈன்றா பொட்டைக்கு நல்லதுங்கறதுக்கு ஆதாரம் கிடையாது, குலைக்கிறதும் வீட்டைக் காக்குறதும் இதுனால போகாது, இதை மரியாதையா சொன்னா கேட்டுப்பாங்க. கர்ப்பப்பையில சீழ் வச்சு ஒரு நாய் செத்ததை அவங்க பாத்திருப்பாங்க, அதோட பேரு பயோமெட்ரான்னு மட்டும் தெரிஞ்சிருக்காது, அது ஆபரேஷன் பண்ணுனா அனேகமா வரவே வராதுன்னு சொல்லிப் பாருங்க, அடுத்த நாள் பக்கத்து வீட்டு நாயையும் சேத்துக் கூட்டிட்டு வருவாங்க. பெரிய சாதி நாய்க்கு ரொம்ப சின்ன வயசுல பண்ணா மூட்டுப் பிரச்சனை வரலாம்னு ஆய்வு இருக்குன்னு சிலர் சண்டைக்கு வருவாங்க, இருக்கு, கோல்டன் ரெட்ரீவர்ல பாத்திருக்காங்க. வேலி போட்ட வீட்டுல தனி டாக்டரோட வளர்ற நாய்க்கு அந்த யோசனை சரி. தெருவுல திரியுற பொட்டைக்கு முதல் ஹீட்டே ஆபத்து.

ஊர்க்காரங்களுக்கு நிஜமான தடை அந்த மாதிரி நம்பிக்கைங்க கிடையாது, வண்டிதான். இருபது கிலோ நாய எதுல ஏத்திட்டு வர்றது, கூலி வேலைய விட்டுட்டு யாரு வர்றது, ராத்திரி மயக்கம் முழுசா தெளியாத நாய எங்க கட்டிப் போடறது. பேனருக்கு செலவு பண்ற காசுல வீட்டுக்கே போய் ஏத்திட்டு வந்து திருப்பி விடுற ஒரு வண்டி வச்சா வர்றவங்க எண்ணிக்கை தானா ஏறும்.

கடைசியா உள்ளூர் கால்நடை டாக்டர். பெரும்பாலும் அவரைக் கேக்காமலே முகாம் தேதி குறிச்சுடறாங்க. அவரு பாவம் மாட்டையும் ஆட்டையும் பாத்து வயித்தக் கழுவுறவரு, நாம வந்து இலவசமா ஊசியும் போட்டு கிளம்பிடறோம், மூணாம் நாள் தையல் விட்டுப்போன நாயத் தூக்கிட்டு ஜனங்க அவர் வாசல்லதான் நிப்பாங்க, என்ன மருந்து போட்டோம்னு ஒரு சீட்டு கூட அவர்கிட்ட இருக்காது. அவரை முதல்லயே சேத்துக்கிட்டு, பின்னாடி வர்ற சிகிச்சைக்கு அவருக்கு சம்பளம்னு ஒதுக்கி, அடுத்த வருஷம் அதே ஊருக்கு அவரோடயே போனா பாதிப் பிரச்சனை அங்கயே முடிஞ்சுடும்.

அதனால இந்த சீசன்ல முகாம் நடத்துறவங்க, போட்டோ போடுங்க, நானும் ஹார்ட் போடறேன். கூடவே நாலு வரி எழுதுங்க: எந்த ஊரு, அந்த ஊர்ல பொட்டை எத்தனை அதுல எத்தனைக்கு முடிஞ்சது, எத்தனை செத்துச்சு, பத்தாவது நாள் போன் பண்ணிக் கேட்டப்ப எத்தனை பேரு எடுத்தாங்க, திரும்ப எப்ப போறீங்க.