முருகனைக் காணோம்

எங்கள் மொத்த வியாபாரக் கடையில் பில் போடும் கம்ப்யூட்டர் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பியில்தான் ஓடுகிறது. அதற்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது 2014 ஏப்ரலில். முதலாளிக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. "ஓடுற வரைக்கும் ஓடட்டும்பா" என்பார். ஓடுவது நான்தான். பில் மென்பொருள் ஃபாக்ஸ்புரோ என்ற பழைய நிரல்மொழியில் எழுதியது; எழுதிக் கொடுத்தவர் துபாய் போய்ப் பல வருடம் ஆகிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து வரிக் கணக்கை எக்ஸெலில் தனியாக நான்தான் உட்கார்ந்து பிரிக்கிறேன்.

போன மாதம் ஒருவழியாகப் புது மென்பொருளுக்குச் சம்மதித்தார். கணக்கை மாற்ற வந்த பையன் தொகைகளையெல்லாம் அரைமணியில் ஏற்றிவிட்டான். அப்புறம் வாடிக்கையாளர் பட்டியலைத் திறந்தால் முருகனைக் காணோம். அந்த இடத்தில் கே, யூ, எஃப், டி, கூடவே ஓர் அரைப்புள்ளி. பெயர்களை அந்தக் காலத்தில் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருக்கிறோம். எழுத்துருவை எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது வெறும் ஆங்கில எழுத்துதான்.

எழுத்துரு மாறினாலும் தமிழ் தமிழாகவே இருக்கும் யூனிகோடு முறைக்கு மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன, சரி. ஆனால் பாதிப் பெயர்கள் நிஜமாகவே ஆங்கிலத்தில் அடித்தவை! கருவிக்கு அந்த வித்தியாசம் எங்கே தெரியும்? டிரேடர்ஸ், ஏஜென்சீஸ் எல்லாம் வாயில் நுழையாத தமிழாகிவிட்டன.

இப்போது 1,800 பெயர்களையும் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன். முதலாளி டீ டம்ளரோடு பின்னால் வந்து நின்று, "பழசே நல்லாத்தானப்பா இருந்துச்சு?" என்கிறார்.