அவுன்ஸ் கணக்கைக் கடைசியாகப் பாருங்கள்

"எரிமலைப் பிரதேசத்தில் பத்து இலட்சம் அவுன்ஸ் தங்கம், இன்னும் தோண்டவில்லை, பங்கு இப்ப சில சதம்தான்." இப்படியான செய்திகள் ரொறன்ரோவிலிருந்து வட்சப் வழியாக யாழ்ப்பாணத்துக்கும் வந்து சேருகின்றன. அனுப்புகிற சித்தப்பாவும் மச்சானும் நல்லெண்ணத்தோடுதான் அனுப்புகிறார்கள். ஆனால் காசு போடும் எங்கள் ஆட்கள் முதலில் பார்ப்பது அவுன்ஸ் கணக்கை. அதைத்தான் கடைசியாகப் பார்க்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பத்து இலட்சம் அவுன்ஸ் என்பது 31.1 தொன், சுமார் 39 இலட்சம் பவுண் எடை. ஆனால் அது பவுணாக அங்கே கிடக்கவில்லை. தொன்னுக்கு 1 கிராம் தங்கமுள்ள கல் என்று வைத்துக்கொள்வோம். 11 பவுணில் 22 கரட் தாலிக்கொடி செய்ய ஏறத்தாழ 81 கிராம் சுத்தத் தங்கம் வேண்டும். ஆலையில் நூற்றுக்குத் தொண்ணூறு பிடித்தாலும் 90 தொன் கல் அரைக்கவேண்டும். அதை மூடியிருக்கும் வெறுங்கல் ஒன்றுக்கு இரண்டு என்றால் இன்னும் 180 தொன். 10 தொன் ஏற்றும் டிப்பரில் 27 லோட், ஒரு தாலிக்கொடிக்கு.

இந்தத் தங்கம் எப்படி அங்கே வந்தது என்று விளங்கினால் பாதிக் கேள்விகளை நீங்களே கேட்பீர்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது கல்சியம் காபனேற்று. சூட்டில் காபனீரொட்சைட்டு வெளியேறியதும், அதன் தயவில் கரைந்திருந்த சுண்ணாம்பு கரைந்திருக்க முடியாமல் படிகிறது. எரிமலைக்குக் கீழும் இதே வேலைதான். 200 முதல் 300 பாகை சூடான தண்ணீர் மேலேயுள்ள தண்ணீரின் பாரத்தால் கொதிக்காமல் இருக்கிறது. வெடிப்பு வழியே ஏறி, அநேகமாக ஒரு கிலோமீற்றருக்கும் குறைந்த ஆழத்துக்கு வரும்போது அழுத்தம் குறைந்து கொதிக்கிறது. தங்கத்தைக் கரைசலில் பிடித்துவைத்திருந்தது கந்தகம். ஐதரசன் சல்பைட்டு ஆவியோடு போனதும் தங்கமும் வெள்ளியும் வெடிப்பின் சுவரில் விழுகின்றன. கூடவே சுண்ணாம்பு மெல்லிய தகடு தகடாகப் படிகிறது. பிறகு குவாட்ஸ் அந்தத் தகடுகளின் இடத்தைப் பிடித்தாலும் வடிவம் அப்படியே இருக்கும். கல்லில் அந்தத் தகடுகளைக் கண்டால், இங்கே தண்ணீர் கொதித்திருக்கிறது என்று புவியியலாளர் நம்பிச் சொல்லலாம்.

பப்புவா நியூகினியின் லிஹிர் தீவில் இது இன்றும் நடக்கிறது. அங்கே ஆழத்துத் தண்ணீர் வருடத்துக்கு 24 கிலோ தங்கத்தை மேலே கொண்டுவருவதாகவும், அந்தப் பெரிய படிவு உருவாக 55,000 வருடமே போதும் என்றும் 2006இல் கணக்கிட்டார்கள். சூடான தண்ணீர் மட்டும் இருந்தால் போதாது. கன்னியாவிலும் வெந்நீரூற்று இருக்கிறது. அது மழைநீர் பாறை வெடிப்புகளில் ஆழமாக இறங்கிச் சூடேறி வருவது, அங்கே எரிமலை இல்லை.

ஆகவே தங்கம் இருப்பது கொதித்த மட்டத்தில், சில நூறு மீற்றர் உயரமான ஒரு பட்டையில். அதற்கு மேலே இரசம், ஆசனிக்கு, அந்திமனி கூடும், தங்கம் அருந்தல். கீழே ஈயமும் நாகமும் கூடி, தங்கம் குறையும். மேற்பரப்பில் பழைய வெந்நீரூற்றின் சிலிக்காப் படிவு அழியாமல் இருந்தால் பட்டை கீழே முழுதாக இருக்கக்கூடும். மேற்பரப்பிலேயே ஈயமும் நாகமும் நிறைந்திருந்தால், நல்ல பகுதி மண்ணரிப்பில் ஆற்றோடு போயிருக்கலாம். "ஆழத்தில் இன்னும் இருக்கிறது" என்ற வாக்குறுதியை இந்த இடத்தில்தான் சோதிக்கவேண்டும்.

அடுத்தது துளை முடிவு. "40 மீற்றருக்கு 2 கிராம்" என்று அறிவிப்பு வரும், அதாவது துளையின் 40 மீற்றர் நீளத்தில் சராசரியாகத் தொன்னுக்கு 2 கிராம். 40ஐ 2ஆல் பெருக்கினால் 80. அதற்குள் "இதில் 1 மீற்றருக்கு 70 கிராம்" என்று ஒரு வரி இருந்தால், மிச்ச 39 மீற்றருக்கும் சேர்த்து 10தான், அதாவது தொன்னுக்கு 0.26 கிராம். வெடிப்பில் தங்கம் படிந்த ஒரு மெல்லிய கோட்டை, அதாவது நாளத்தை, வெறுங்கல்லில் பரப்பிக் காட்டியிருக்கிறார்கள். துளை நாளத்தைச் சாய்வாக வெட்டியிருந்தால் உண்மையான தடிப்பு இன்னும் குறையும். உண்மைத் தடிப்பைச் சொல்லாத அறிவிப்பை நான் மதிப்பதில்லை.

மாதிரி விசயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. துளையிலிருந்து வரும் உருளைக் கல்லை நெடுக்காக அறுத்து, ஒரு பாதியைப் பெட்டியில் வைத்து, மறுபாதியைத்தான் ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும். அங்கே உருக்கிப் பார்ப்பது 30 அல்லது 50 கிராம் தூள் மட்டும்; பருமணித் தங்கமென்றால் அதில் ஒரு மணி விழுந்தாலே கணக்கு மாறிவிடும். அதனால் ஆய்வுகூடத்தைச் சோதிக்க, தங்கமில்லாத வெற்று மாதிரி, அளவு தெரிந்த மாதிரி, ஒரே கல்லின் இரட்டை மாதிரி மூன்றையும் இடையிடையே செருகுவார்கள். இந்தோனேசியாவின் புசாங்கில் பிரி-எக்ஸ் என்ற கனடியக் கம்பனி உருளையின் பாதியை வைத்திருக்காமல் ஏறத்தாழ முழுவதையும் இடித்து அனுப்பியது. தூளில் வெளியிலிருந்து தங்கம் கலந்திருந்தார்கள். மணிகள் ஆற்றுத் தங்கம்போல உருண்டிருந்தன. 1997இல் வேறொரு கம்பனி பக்கத்திலேயே துளையிட்டுப் பார்த்தபோது தங்கம் இல்லை. சுரங்கக் கம்பனிகள் தங்கள் படிவைப் பற்றி எப்படி அறிக்கை வெளியிடவேண்டும் என்று சொல்லும் கனடாவின் 43-101 விதி 2001இல் வந்தது அந்த அடியின் பிறகுதான்.

தங்கம் உண்மையிலேயே இருந்தாலும் வெளியே வருமா? மேலே துருவேறிய கல்லென்றால் குவித்துச் சயனைட்டுக் கரைசல் தெளித்தாலே தங்கம் கரையும். கீழே பைரைட்டு என்ற இரும்பு-கந்தகக் கனிமத்துக்குள் பூட்டப்பட்டிருந்தால் கரையாது. வறுக்கவோ அழுத்தக் கலனில் ஒட்சியேற்றவோ வேண்டும், செலவு எங்கேயோ போய்விடும். களிமண் கூடிய கல்லில் கரைசல் இறங்காமல் குவியலின் மேலே தேங்கும். சீமெந்து சேர்த்து உருண்டையாக்கிப் பார்ப்பார்கள், அதுவும் எல்லாக் களிக்கும் சரிவராது.

இவ்வளவுக்கும் பிறகுதான் "வளம்", "இருப்பு" என்ற இரண்டு சொற்கள். தோண்டினால் இலாபம் வரும் என்று ஆய்வில் காட்டியது மட்டுமே இருப்பு. தோண்டாத படிவுகளில் பெரும்பாலும் எழுதியிருப்பது வளம், அதிலும் ஊகித்த வளம், அதாவது நம்பகம் மிகக் குறைந்த மதிப்பீடு. 43-101 விதிப்படியான முழு அறிக்கையையும், கனடாவில் கம்பனி ஆவணங்கள் பதியப்படும் செடார் பிளஸ் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 11ஆம் அத்தியாயம் மாதிரி, 12 சரிபார்ப்பு, 13 பிரித்தெடுப்புச் சோதனை. 14இல்தான் அவுன்ஸ். அந்த ஒழுங்கிலேயே வாசியுங்கள்.

திட்டம் முன்னேறியிருந்தால் 20ஆம் அத்தியாயத்தில் தண்ணீரைப் பற்றிய பேச்சு வரும். பைரைட்டுக் கல்லைக் காற்றிலும் மழையிலும் போட்டால் அமிலம் கசியும். எங்கள் சுண்ணாம்புக்கல் அமிலத்தைத் தணிக்கும். அமிலத் தண்ணீர் ஏற்கெனவே கழுவித் துளைத்துவிட்ட எரிமலைக் கல்லில் தணிக்க எதுவும் மிஞ்சியிருக்காது. ஆர்ஜென்டினாவின் எஸ்கெல் நகரத்துக்குப் பக்கத்தில் நல்ல தங்க நாளங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. 2003 மார்ச்சில் நகர மக்களிடம் கேட்டபோது 81 சதவீதம் பேர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். சயனைட்டும் திறந்த குழியும் அவர்களின் தண்ணீரைக் கெடுக்கும் என்பதுதான் அவர்கள் பயம். கிணற்றை நம்பி வாழும் எங்களுக்கு அந்தப் பயத்தை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அதே வருடம் அந்த மாகாணம் சுரங்கத்தில் சயனைட்டையும் திறந்த குழியையும் சட்டத்தால் தடுத்தது.