எனக்கும் ஓட்டு இருக்கிறதாம்!

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கட்டடப் பொதுக்கூட்டத்தில் பின்வாசலுக்கு ஒரு சாய்தளம் கேட்டுத் தோற்றதைப் போன பதிவிலேயே கொட்டிவிட்டேன். அதற்கு ஒருவர் எழுதுகிறார்: "உங்களுக்கும்தான் ஓட்டு இருந்துச்சே. தோத்துட்டீங்க, விடுங்க சார்."

இருந்தது. நூற்றுக்கு 5. அதுதான் என் வீட்டுக்கு ஒதுக்கிய பங்கு மதிப்பு. மற்ற மூன்று வீட்டுக்காரர்களுக்கு 40, 35, 20. கை தூக்கினால் வீட்டுக்கு ஒரு ஓட்டு. யாராவது 'போல்' (poll, சீட்டு வாக்கெடுப்பு) கேட்டுவிட்டால் பங்கு மதிப்புதான் பேசும். கேட்டார்கள். பாதிக்கு மேல் வந்தால் போதும். கூட்டிப் பாருங்கள்: அந்த மூவரில் எந்த இருவர் சேர்ந்தாலும் காரியம் முடிந்தது. 40ஓடு நான் ஒட்டிக்கொண்டாலும் 45தான். நான் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் முடிவு மாறாது. ஓட்டு 5, பலம் பூஜ்ஜியம்.

வயிற்றெரிச்சலில் போட்ட கணக்கு இல்லை இது. 1958இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலிக்குத் தலா 4 ஓட்டு, பெல்ஜியம், நெதர்லாந்துக்குத் தலா 2, லக்சம்பர்க்குக்கு 1. ஆணையம் முன்மொழிந்தது நிறைவேற 17இல் 12 வேண்டும். மற்ற எல்லாரும் இரட்டைப்படை, கூட்டினால் 10 வரும், 12 வரும், 11 வரவே வராது. லக்சம்பர்க்கின் அந்த ஒன்றை வைத்து என்ன செய்வது? நியூயார்க் மாநில நாசோ கவுன்டி (மாவட்டம் மாதிரி) சபையில் 115 ஓட்டில் 21 வைத்திருந்த ஊருக்கும் இதே கதி என்று 1965இல் பான்சாஃப் என்ற வழக்கறிஞர் கணக்குப் போட்டுக் காட்டினார். இருபத்தொன்றுக்கே!

இன்னொருவர்: "பராமரிப்புப் பணம் அதிகம் கட்டுறவருக்கு அதிக ஓட்டு, நியாயம்தானே?" நியாயம்தான். நான் குறைவாகத்தான் கட்டுகிறேன். ஆனால் பூஜ்ஜியம் கட்டவில்லையே, ஐயா! "வித்துட்டுப் போங்க" என்றவரை பிளாக் பண்ணியாச்சு.

நான் என்ன நீச்சல்குளமா கேட்டேன்? பின்வாசல் நாலு படிக்கு ஒரு சாய்தளம். தேக்கா சந்தைக்குக் கிளம்பினால் அம்மா முதலில் வாக்கரைக் கீழே இறக்கி வைப்பார். பிறகு பக்கவாட்டில் திரும்பி, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குவார். 78 வயது. நான் கை கொடுத்தால் கோபம் வரும்.

இந்தப் பங்கு மதிப்புச் சட்டத்தைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மனசு அந்த 20இலேயே நிற்கிறது. 40 வைத்திருப்பவருக்கு எவ்வளவு பலமோ அவ்வளவு பலம் அவருக்கும். அவர் 35 பக்கம் வந்திருந்தால் சாய்தளம் வந்திருக்கும், என் 5 இல்லாமலே. நம்ம ஆள் வேறு. தீபாவளிக்குத் தீபாவளி அம்மா கையால் அதிரசம் வாங்கிச் சாப்பிடுகிறவர். 40 பக்கம் சீட்டைப் போட்டுவிட்டு, லிஃப்ட் வாசலில் என் தோளைத் தொட்டுச் சொல்கிறார்: "மனசுல வச்சுக்காதீங்கண்ணே. நம்ம ஓட்டெல்லாம் எங்க கணக்குல வரப்போவுது?"