சிஓஇ பயத்தைப் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள்

எஞ்சின் ஆயிலோடு சேர்த்து ஊற்றுங்கள் என்று ஆயில் அடிடிவ் (சேர்மானம்) உள்ள ஒரு சின்ன பாட்டிலை நீட்டுகிறார்களே, அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. தேய்மானம் பாதியாகும், பெட்ரோல் மிச்சமாகும், பழைய எஞ்சின் புதுசு மாதிரி இழுக்கும் என்கிறார்கள். சிங்கப்பூரில் ஓடும் சாதாரணக் காருக்கு அது தண்டச் செலவு என்பது என் கட்சி.

லட்சம் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் சிஓஇ, அதாவது கார் வைத்திருக்கப் பத்து வருஷ உரிமம், கட்டியவரிடம், “அண்ணே, இவ்ளோ போட்டு எடுத்திருக்கீங்க, எஞ்சினுக்கு ஒரு அம்பது வெள்ளி பார்க்கலாமா?” என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? காக்கி புக்கிட்டோ சின் மிங்கோ, எந்த ஒர்க்‌ஷாப்பிலும் இந்த வசனம் எடுபடும். பத்து வருஷம் முடிந்து சிஓஇ புதுப்பித்தவர் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வருஷத்துக்கு 15,000 முதல் 20,000 கிலோமீட்டர் ஓட்டினால், பத்து வருஷத்தில் இரண்டு லட்சத்தைத் தாண்டாது. நேரத்துக்கு ஆயில் மாற்றும் இன்றைய எஞ்சினுக்கு அது பெரிய தூரமே இல்லை. நம் ஊரில் கார் ஸ்கிராப்புக்குப் போவது பெரும்பாலும் தேதி முடிவதால்தான். நல்லா ஓடுகிற எஞ்சினோடுதான் போகிறது.

இன்னொன்று, நாம் காசு கொடுத்து வாங்கும் ஆயிலிலேயே அடிடிவ் இருக்கிறது. அழுக்கைக் கழுவ கால்சியம், மெக்னீசியம் சேர்மங்கள், தேய்மானத்துக்குத் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த இசட்டிடிபி, நுரை வராமல் இருக்க சிலிக்கோன், இன்னும் பல. எது எவ்வளவு என்பதைச் சோதித்துத்தான் ஏபிஐ எஸ்பி மாதிரி தர முத்திரை தருகிறார்கள். பாஸ்பரஸ் கூடினால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கெடும். கால்சியம் அதிகமானால் சின்ன டர்போ எஞ்சின்களில் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே பற்றிக்கொள்ளும் தொல்லை கூடும் என்று தெரிந்துதான் அண்மைத் தரங்களில் அதற்கென்றே தனிச் சோதனை வைத்தார்கள். அப்படி அளந்து கலந்ததில் எவரோ ஒருவர் பாட்டிலைக் கவிழ்த்தால் அளவு என்ன ஆகும்? ஹோண்டா தன் கையேட்டிலேயே ஆயில் அடிடிவ் தேவையில்லை, எஞ்சினைப் பாதிக்கலாம் என்று எழுதியிருக்கிறது. ஒவ்வொரு துளி பெட்ரோலை மிச்சப்படுத்தவும் கோடி கோடியாகக் கொட்டும் கம்பெனிகள், ஐம்பது வெள்ளியில் பத்து சதவீதம் மிச்சமாகும் என்றால் ஃபேக்டரியிலேயே ஊற்றி அனுப்ப மாட்டார்களா?

எனக்கு எரிச்சல் வருவது அந்த டெமோ மெஷினைப் பார்த்தால்தான். சுழலும் வளையத்தின் மேல் ஒரு பேரிங்கை நெம்புகோலால் அழுத்துவார்கள். வெறும் ஆயிலில் கிரீச்சென்று நின்றுவிடும். பாட்டிலைக் கொஞ்சம் ஊற்றினால் எவ்வளவு அழுத்தினாலும் நிற்காது. கூட்டம் வாயைப் பிளக்கும். பெரும்பாலும் குளோரின் கலந்த பாரஃபின் செய்யும் வேலை அது. உலோகத்தோடு உலோகம் உரசும் இடத்தில் அது பிரமாதம்தான். ஆனால் உங்கள் கிராங்க்‌ஷாஃப்ட் பேரிங், எஞ்சின் ஓடும்போது ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. அங்கே அப்படி உரசுவதே இல்லை. போதாக்குறைக்கு, குளோரின் சூட்டில் அமிலமாக மாறி பேரிங்கையே அரிக்கக்கூடும். அதை டெமோவில் காட்ட மாட்டார்கள்.

இது புதுக் கதையும் இல்லை. “வண்டி நின்றதும் ஆயில் வடிந்துவிடும், ஸ்டார்ட் பண்ணும்போது பாதுகாப்பே இல்லை” என்று ஸ்லிக் 50 என்ற அடிடிவ் கம்பெனி விளம்பரம் செய்தது. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1996இல் அதைப் பிடித்தது. சாதாரண ஆயிலே ஸ்டார்ட்டில் போதுமான பாதுகாப்பு தருகிறது என்பது கமிஷனின் வாதம். 1997இல் சமரசம் ஆனது. 2001இல் இசட்மேக்ஸ் என்ற இன்னொரு அடிடிவ் மீது வழக்கு. கம்பெனி சொல்லிக்கொண்ட சோதனையிலேயே, அதை ஊற்றிய ஆயிலில் பேரிங் அரிப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது என்று கமிஷன் குற்றம்சாட்டியது. 2003இல் பத்து லட்சம் டாலர் கட்டி முடித்தார்கள். ஸ்லிக் 50 அன்று சொன்ன அதே ஸ்டார்ட் வசனம் இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, அதுவும் விடியற்காலையில்கூட 22 டிகிரிக்குக் கீழே அபூர்வமாக இறங்கும் இந்த ஊரில்!

“எனக்குச் சத்தம் குறைஞ்சுதே” என்பவர்களுக்கு: பெரும்பாலும் ஆயில் மாற்றும் அன்றுதான் பாட்டிலும் ஊற்றப்படுகிறது. புது ஆயிலுக்கே சத்தம் குறையும். சும்மா ஆயிலின் தடிமனைக் கூட்டினாலும் குறையும்.

பெட்ரோலில் கலக்கும் எல்லாவற்றையும் நான் இதே பட்டியலில் சேர்க்கவில்லை. பாலிஈதரமீன் உள்ளவை இன்ஜெக்டர் அழுக்கை ஓரளவு சுத்தம் செய்யும். அது வேறு சமாச்சாரம்.

மோட்டார் சைக்கிள் ஓட்டும் தம்பிகளுக்குத்தான் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலான பைக்கில் கிளட்சும் அதே ஆயிலில்தான் நனைகிறது. அதனால்தான் டப்பாவில் ஜாசோ எம்ஏ என்ற பைக் ஆயில் தர முத்திரையைப் பார்த்து வாங்கச் சொல்கிறார்கள். உரசலைக் குறைக்கும் சரக்கை அதில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி பாலத்தைத் தாண்டி மலேசியாவில் வடக்கே நெடுஞ்சாலையில் ஏறும்போது எஞ்சின் கத்தும், வண்டி நகராது.

மறுப்பு உள்ளவர்கள் தாராளமாகக் கமெண்ட்டில் வாருங்கள். பாட்டில் ஊற்றியும் ஊற்றாமலும் ஒரே வண்டியில் எடுத்த ஆயில் லேப் ரிப்போர்ட் இருந்தால் போடுங்கள், உட்கார்ந்து படிக்கிறேன். “என் மச்சான் வண்டி சூப்பரா ஓடுது” என்று மட்டும் எழுதாதீர்கள்.