வெளியே வந்த கீப்பரை இடிக்கலாமா?

"கிரீஸை விட்டு வெளிய வந்துட்டான்ல, அப்புறம் அவனும் மத்தவன் மாதிரிதான். இடி வாங்கட்டும்." எங்கள் பழைய ஹாக்கிக் கூட்டத்தில் ஓர் அண்ணன் இருக்கிறார், அந்தக் காலத்து ஃபார்வர்ட். சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் பசியாற உட்கார்ந்தால் ஐஸ் ஹாக்கிக் கீப்பரைப் பற்றி இதைச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார். வாட்ஸ்அப் குழுவிலும் இதே சண்டைதான். அங்கே நான் எழுதும் பதில் குட் மார்னிங் படங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடுகிறது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் கட்சி இதுதான்: கீப்பர் வெளியே வந்தால் அவருடைய சலுகைகளைப் பிடுங்கிக்கொள்ளுங்கள். உடம்பை இடிக்காதீர்கள்.

பேச்சு ஐஸ் ஹாக்கியைப் பற்றியது. கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு உனக்கு எதற்கு ஐஸ் ஹாக்கி என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி. தங்கை மகன் டொரொண்டோவில் வேலை பார்க்கிறான், அவன் மூலமாகத் தொற்றிக்கொண்ட வியாதி இது. அங்கே ராத்திரி ஆட்டம் என்றால் நமக்குக் காலை ஏழு, எட்டு மணி. ரொட்டி சானாய் மேசைக்கு வரும்போது முதல் பீரியட் ஆரம்பமாகிவிடும். சன்வே பிரமிட்டில் பிள்ளைகள் சறுக்குவதை வேடிக்கை பார்த்ததைத் தவிர எங்களில் யாருக்கும் ஐஸ் பழக்கமில்லை. ஆனாலும் மட்டை, கோல், கீப்பர் மூன்றும் தெரிந்த சமாச்சாரம், சண்டை போட அது போதும்.

முதலில் விதி. கிரீஸ் என்பது கோலுக்கு முன்னால் இளநீலத்தில் பூசியிருக்கும் சின்ன இடம். கீப்பர் அதைத் தாண்டி வந்துவிட்டார் என்பதற்காக அவரை யார் வேண்டுமானாலும் இடிக்கலாம் என்று ஆகிவிடாது. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்லின் விதிப் புத்தகத்தில் 69ஆவது விதி இதை வெளிப்படையாகவே சொல்கிறது. தேவையில்லாமல் மோதினால் ஒவ்வொரு முறையும் தண்டனை கொடுக்க வேண்டும். கீப்பர் வெளியே வந்து பக்கை, அதாவது பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டை, ஆடும்போது தற்செயலாக உரசினால் மன்னிப்பு உண்டு, ஆனால் மோதாமல் இருக்க எதிராளி நியாயமாக முயன்றிருக்க வேண்டும். வேகமாக வந்து இடிப்பதைப் பற்றிய 42ஆவது விதியிலும் இதே எச்சரிக்கை இருக்கிறது. ஆகவே அண்ணன் சொல்லும் விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. ரசிகர்கள் வாய்வழியாக வளர்த்துவிட்ட நம்பிக்கை அது.

நம்ம திடல் ஹாக்கியில் இந்தக் குழப்பமே கிடையாது. பந்து வட்டத்துக்குள், நாங்கள் 'டி' என்று சொல்லும் இடத்துக்குள் இருக்கும்வரை கீப்பர் காலால் உதைக்கலாம், உடம்பால் தடுக்கலாம். வட்டத்தைத் தாண்டினால் மட்டை மட்டும்தான். முழுக் கவசத்தோடு இருப்பவர் 23 மீட்டர் கோட்டுக்கு அப்பால் போய் ஆடவும் முடியாது. சலுகை இப்படிப் படிப்படியாகக் குறைந்துகொண்டே வரும். ஆனால் அவர் எங்கே நின்றாலும் உடம்பில் மோதினால் அது ஃபவுல், மற்ற பத்துப் பேருக்கும் உள்ள அதே பாதுகாப்பு. ஐஸ் ஹாக்கி உடம்பால் இடிக்க அனுமதியுள்ள ஆட்டம், அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது என்பது சரி. என்றாலும் சலுகை வேறு, பாதுகாப்பு வேறு என்று பிரித்துப் பார்ப்பதற்கு ஐஸா புல்லா என்ற வித்தியாசம் தேவையில்லை.

கீப்பராக நின்றவனுக்குத்தான் இது உடம்பில் புரியும். ஹெல்மெட் கம்பிக்கு ஊடாகக் காலடியில் இருக்கும் பந்தைப் பார்க்க வேண்டுமானால் தாடையை நெஞ்சோடு ஒட்ட வேண்டும். அந்த நேரத்தில் இடமும் வலமும் இருட்டு. காலில் பேட், பாதத்தில் கிக்கர், வேர்வையில் ஊறிய நெஞ்சுக் கவசம், இத்தனையோடு சட்டென்று விலக முடியாது. தடிமனான கவசம் எல்லாம் முன்பக்கம்தான், பந்து வரும் திசையை நினைத்துச் செய்தது. பக்கவாட்டில் விலா திறந்தே கிடக்கும். ஒரு கிளப் லீக் ஆட்டத்தில் நான் இப்படிக் குனிந்திருந்தபோது ஒரு ஃபார்வர்டின் முழங்கால் சரியாக அங்கேதான் இறங்கியது. அம்பயர் எங்களுக்கு ஃப்ரீ ஹிட் கொடுத்தார், கார்டு எடுக்கவில்லை. அதற்கப்புறம் பல நாள் தும்மக்கூடப் பயந்தேன். ஐஸ் ஹாக்கிக் கீப்பரின் கவசமும் பக்குக்காகச் செய்ததுதான், ஆள் வந்து மோதுவதற்காகச் செய்யவில்லை. அதோடு எதிரே வருபவர் சறுக்குக் காலணியில் வருகிறார். அந்த வேகம் நம் திடலில் கிடையாது.

சரி, அண்ணன் கேட்கும் நல்ல கேள்விக்கு வருவோம். "ரெண்டு பேரும் பக்குக்காகத்தான் ஓடுறாங்க, மோதிட்டாங்க, யார் தப்பு?"

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 2020 பிப்ரவரி 22 டொரொண்டோ ஆட்டம். நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. கரோலைனா அணியின் ஒரு கீப்பர் ஏற்கெனவே காயம்பட்டு வெளியே போய்விட்டார். அடுத்தவர் பீட்டர் ம்ராசெக். கோலை விட்டு வெகுதூரம் வெளியே ஓடிவந்து பக்கைத் தட்டிவிட்ட நேரத்தில் டொரொண்டோவின் கைல் கிளிஃபோர்ட் அவர்மேல் மோதினார். ம்ராசெக்கும் அவுட். ஓர் அணி பெஞ்சில் வைத்திருப்பதே இரண்டு கீப்பர்கள்தான். மூன்றாவதாக யார்? அப்போதெல்லாம் அரங்கத்தில் அவசரத்துக்கு என்று ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள். அன்று இருந்தவர் டேவிட் ஐர்ஸ், 42 வயது, ஐஸைச் சமப்படுத்தும் ஸாம்போனி வண்டி ஓட்டுபவர், சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர். பயிற்சியில் கோல் காத்ததெல்லாம் டொரொண்டோ அணிக்கு, அன்று கோல் காக்கப் போனதோ எதிரணிக்கு. முதலில் வந்த இரண்டு ஷாட்டும் கோல். பிறகு வந்த எட்டையும் தடுத்துவிட்டார். கரோலைனா 6-3 என்று ஜெயித்தது. தங்கை மகன் அன்று மத்தியானம்வரை யாருடைய மெசேஜுக்கும் பதில் போடவில்லை.

அந்த மோதலில் கிளிஃபோர்ட் வேண்டுமென்றே இடித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கீப்பர் வெளியே வருவது அவருக்குத் தெரிந்தது, விலக வேண்டிய கடமை விதிப்படி அவருடையது. குனிந்தவனுக்குத் தெரியாது, நிமிர்ந்து வருபவனுக்குத் தெரியும். யார் விலக வேண்டும் என்பதற்கு எனக்கு இது போதும்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது வேறு இடத்தில். 2011 நவம்பர் 12, பாஸ்டனில் பஃபலோ கீப்பர் ரயன் மில்லர் கிரீஸை விட்டு நன்றாக வெளியே வந்து பக்கைத் தட்டிவிட்டார். மிலான் லூசிச் வந்த வேகத்திலேயே அவரைச் சாய்த்தார். தண்டனை இரண்டு நிமிடம். லீக் விசாரித்தது, தடை போடவில்லை. மில்லருக்குத் தலையில் அதிர்ச்சிக் காயம், சில வாரம் ஆட முடியவில்லை. இரண்டு நிமிடத்துக்கு எதிரணியின் முதல் கீப்பரே போய்விடுகிறார் என்றால் இதை நஷ்டம் என்று எந்தக் கோச் சொல்வார்? தீபாவளிச் சமயத்தில் மஸ்ஜிட் இந்தியாக் கடைத்தெருவில் இரண்டாவது வரிசையில் காரைப் போட்டுவிட்டுத் துணி எடுக்கப் போகிறவர் சம்மனுக்கான பணத்தை முன்கூட்டியே மனசில் ஒதுக்கிவிடுகிறார் இல்லையா, அந்தக் கணக்குதான்.

2025 மே மாதம் அந்த இரண்டு நிமிடமும் இல்லை. கோப்பைக்கான பிளேஆஃபில் டொரொண்டோவும் ஃப்ளோரிடாவும் மோதிய இரண்டாம் சுற்றின் முதல் ஆட்டம். சாம் பென்னட்டின் முழங்கை டொரொண்டோ கீப்பர் அந்தோனி ஸ்டோலார்ஸின் தலையில் பட்டது. இத்தனைக்கும் அவர் தன் கோல் பக்கத்திலேயேதான் இருந்தார். விசில் இல்லை, பிறகு தடையும் இல்லை. ஸ்டோலார்ஸ் அந்தத் தொடரில் மறுபடி இறங்கவில்லை. தொடரை ஏழாவது ஆட்டத்தில் ஃப்ளோரிடா எடுத்தது, கடைசியில் கோப்பையும் அவர்களுக்கே. அவர் இருந்திருந்தால் டொரொண்டோ ஜெயித்திருக்கும் என்று வாதாட மாட்டேன். 1967க்குப் பிறகு கோப்பையைத் தொடாத அணி அது, அத்தனை வருஷத்துக்கும் ஒரு முழங்கையைக் காரணம் காட்ட முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கோல் விழும்போது கீப்பரின் கையுறையில் யாராவது லேசாக உரசியிருந்தால்கூட கோச் சேலஞ்ச் கேட்கலாம். 2015-16 சீசனிலிருந்து அந்த வசதி இருக்கிறது. ஒவ்வொரு ஃபிரேமாக ஓட்டிப் பார்த்து கோலையே ரத்து செய்வார்கள். கோல் விழாமல் கீப்பரின் மண்டையில் அடி விழுந்தால் சேலஞ்ச் கேட்க வழியில்லை. லீக்குக்கு ஸ்கோர்போர்டின் மேல் இருக்கும் அக்கறை ஆளின் மேல் இல்லை.

"அப்படிப் பாதுகாத்தா கீப்பர் ஊரெல்லாம் சுத்துவான், மூணாவது டிஃபென்டர் ஆயிடுவான்" என்பது அண்ணனின் அடுத்த வாதம். நியாயமான பயம். மார்ட்டின் ப்ரோடர் என்ற கீப்பர் அப்படித்தான் கோலுக்குப் பின்னால் போய் பக்கை எடுத்து எடுத்து எதிரணியை அழ வைத்தார். 2005-06 சீசனில் லீக் என்ன செய்தது? கோலுக்குப் பின்னால் சரிவகமாகக் கோடு போட்டு, பின்பக்கம் போனால் அதற்குள் மட்டும்தான் கீப்பர் பக்கைத் தொடலாம், இரண்டு மூலையிலும் தொடக் கூடாது என்றது. யாரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் சலுகையை மட்டும் குறைத்தார்கள். இன்னும் குறைக்க வேண்டுமா, இன்னொரு கோடு போடுங்கள், நான் கேள்வி கேட்க மாட்டேன். மட்டையால் பக்கைப் பறித்துக்கொண்டு காலிக் கோலில் போடுங்கள், கைதட்டுவேன். வெளியே வந்ததற்கு அதைவிடப் பெரிய தண்டனை எந்தக் கீப்பருக்கும் கிடையாது.

லேசாகப் பட்டதும் பொத்தென்று விழுந்து நடிக்கும் கீப்பர்களும் உண்டு, மறுக்கவில்லை. அதற்கும் விதி இருக்கிறது, இரண்டு நிமிடம் கொடுக்கலாம். இடிப்பவருக்குக் கொடுக்க வேண்டியது ஐந்து நிமிடம். இரண்டு நிமிடத் தண்டனை எதிரணி ஒரு கோல் போட்டதும் முடிந்துவிடும். ஐந்து நிமிடத்தில் எத்தனை கோல் விழுந்தாலும் ஓர் ஆள் குறைவாகவே நின்று தீர வேண்டும். புது விதி எதுவும் எழுத வேண்டாம், 42ஆவது விதியில் அது ஏற்கெனவே இருக்கிறது. எடுத்துப் பயன்படுத்தத்தான் ஆள் இல்லை.

நம் பக்கத்துக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டித் திடல் ஹாக்கி அரையிறுதியில் மலேசியா இந்தியாவை ஷூட்-அவுட்டில் 7-6 என்று தோற்கடித்தபோது நம் கோலில் நின்றவர் குமார் சுப்பிரமணியம். அதைப் பார்த்து எத்தனையோ தமிழ்ப் பையன்கள் கீப்பர் ஆக ஆசைப்பட்டார்கள். ஷூட்-அவுட்டில் ஃபார்வர்டுக்கு எட்டே விநாடி, கீப்பர் பாய்ந்து வெளியே வந்தே ஆக வேண்டும். அவர் தெரியாமல் ஃபவுல் செய்தால் மறுபடி ஆட வேண்டும், வேண்டுமென்றே செய்தால் பெனால்டி ஸ்ட்ரோக். இதைப் பையன்கள்வரை எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிறோம். ஃபார்வர்ட் கீப்பர்மேல் ஏறினால் என்ன என்று எந்தப் பயிற்சியிலும் நான் கேட்டதில்லை. வார இறுதி கிளப் ஆட்டங்களில் "பந்துக்குத்தானே போனான்" என்று ஃபார்வர்டுகளை விட்டுவிடும் அம்பயர்கள் இந்தப் பதிவைப் பார்க்கும் கூட்டத்திலேயே சிலர் இருக்கிறீர்கள். பச்சை கார்டு ஒன்றைக்கூட எடுக்காமல் விட்டது எதனால் என்று கமெண்டில் சொல்லுங்கள், விலாவைத் தடவிக்கொண்டே படிக்கிறேன்.