பள்ளத்தை மூடுவதற்கு முன்னால் ஒரு தடவை எட்டிப் பாருங்கள்

புதிய குடிநீர்க் குழாய்க்கும் பாதாள சாக்கடைக்கும் சேர்த்தே நகர மன்றம் ஒப்புதல் கொடுத்து நிதியும் ஒதுக்கிவிட்டது. கேள்விப்பட்டதும் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். தெருவில் பாதிப் பேர் "மறுபடியும் ரோட்டைத் தோண்டப் போறாங்களா" என்று சலித்துக்கொள்கிறார்கள். அந்தச் சலிப்பு எனக்கும் உண்டு. ஆனால் தோண்டுவதைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், தோண்டிய பிறகு உள்ளே என்ன போகிறது என்று பார்ப்பதே இல்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் தெருவில் காலையில் குழாயைத் திறந்தால் முதல் இரண்டு குடம் கலங்கலாக வரும், முகர்ந்து பார்த்தால் சாக்கடை வாடை. கொஞ்ச நேரம் விட்டால் தெளிந்துவிடும் என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நானும்தான். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நிற்காமல் ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் தோண்டினார்கள். பழைய இரும்புக் குழாய், துரு தின்று ஒரு விரல் நுனி போகிற அளவுக்கு ஓட்டை, அதற்கு நேர் மேலே விரிசல் விட்ட சாக்கடைக் குழாய். தண்ணீர் விடுகிற நேரத்தில் அழுத்தம் இருப்பதால் நல்ல தண்ணீர் வெளியே கசியும். நிறுத்தியதும் குழாய் காலியாகும், அப்போது சுற்றித் தேங்கி நிற்பதை எல்லாம் உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் முதல் குடத்தில் வந்தது அதுதான்.

இது புதுக் கதையும் இல்லை. 1854-இல் லண்டன் பிராட் தெருவில் காலரா வந்து 600 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தத் தெருவின் அடிபம்பைத்தான் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் காரணமாகக் காட்டினார். பிறகு தோண்டிப் பார்த்தபோது, அந்தப் பம்புக்குத் தண்ணீர் தந்த கிணற்றிலிருந்து மூன்றடிகூட இல்லாத தூரத்தில் ஒரு வீட்டின் கழிவுக்குழி, செங்கல் சுவர் இற்றுப்போய் கிணற்றுப் பக்கம் கசிந்துகொண்டிருந்தது. அப்படியும் அந்த நகரத்துக்கு முழுச் சாக்கடைத் திட்டம் உடனே கிடைக்கவில்லை. 1858 கோடையில் தேம்ஸ் ஆற்று நாற்றம் நாடாளுமன்ற ஜன்னல் வரைக்கும் வந்த பிறகுதான் அவசர அவசரமாகச் சட்டம் போட்டார்கள்.

அதனால்தான் இரண்டையும் ஒரே தீர்மானத்தில் கொண்டுவந்தது நல்ல முடிவு என்கிறேன். தனித்தனியாகப் போட்டால் இரண்டாவதாக வருகிறவர் முதல் குழாயை உடைப்பார், அல்லது கிடைத்த இடுக்கில் செருகிவிட்டுப் போவார். இரண்டுக்கும் நடுவே பக்கவாட்டில் சுமார் 3 மீட்டர் இடைவெளி வேண்டும், குறுக்கே கடக்கிற இடத்தில் குடிநீர்க் குழாய் மேலேயும் சாக்கடை அரை மீட்டராவது கீழேயும் போக வேண்டும் என்பது பொதுவாகச் சொல்கிற கணக்கு. ஒன்றாகத் திட்டமிட்டால்தான் இந்த இடைவெளிக்கு வழி இருக்கும்.

அடுத்தது வாட்டம், அதாவது குழாயின் சரிவு. சாக்கடைத் தண்ணீர் பெரும்பாலும் தானாகவே சரிந்து ஓட வேண்டியது. எட்டு அங்குலக் குழாய் என்றால் 100 மீட்டருக்குக் குறைந்தது 40 சென்டிமீட்டராவது இறங்க வேண்டும். கேட்க அற்பமாகத்தான் இருக்கும். அடியில் மணல் படுக்கை சரியாகப் போடாமல், கல்லும் மண்ணுமாக இருக்கிற தரையிலேயே குழாயை வைத்து மூடினால் நடுவில் ஓர் இடம் அமுங்கிவிடும். அமுங்கிய இடத்தில் கசடு தங்கும், பிறகு அடைக்கும். அடைத்தால் யாரைக் கூப்பிடுவோம்? அந்த மேன்ஹோலுக்குள் ஒரு மனிதனை இறக்கினால் உள்ளே அழுகிய முட்டை வாடை அடிக்கிற ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு காத்திருக்கும். அளவு கூடினால் மூக்கு அந்த வாடையை உணர்வதையே நிறுத்திவிடும், ஆபத்து தெரிவதற்குள் மயக்கம் வந்துவிடும். அவரைத் தூக்கப் போகிற அடுத்த ஆளும் சேர்ந்து சாவது எத்தனை தடவை நடந்திருக்கிறது. குழாய் பதிக்கிற அன்றைக்கு லெவல் பார்க்காமல் விட்ட அந்தச் சில சென்டிமீட்டருக்கு, பத்து வருஷம் கழித்து யாரோ ஒருவர் உயிரைக் கொடுக்கிறார். எனக்கு இதை நினைத்தாலே மனசு ஆறுவதில்லை. இயந்திரம் வைத்து அடைப்பு எடுப்பதற்கான பணமும் இந்த நிதிக்குள்ளேயே இருக்க வேண்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளக் கூடாது.

சரி, நாம் என்ன பார்க்க முடியும்? நிறையவே முடியும். சாயங்காலம் வேலை முடிந்து போகும்போது குழாயின் திறந்த வாயை மூடிவிட்டுப் போகிறார்களா, இல்லை ராத்திரி மழையில் சேறு உள்ளே போகும்படி அப்படியே விடுகிறார்களா என்று யாரும் பார்க்கலாம். இணைப்பில் ரப்பர் வளையம் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று கேட்கலாம். மூடுவதற்கு முன்னால் தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்தீர்களா, குளோரின் கலந்து ஒரு நாள் வைத்துக் கழுவிவிட்டீர்களா என்று கேட்பதற்குப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. எரிச்சல்படுவார்கள், படட்டும். அப்புறம் வீட்டு இணைப்பு. தெரு முழுக்கக் குழாய் பதித்துவிட்டு வீடுகளைச் சேர்க்காமல் வருஷக்கணக்கில் விட்டால், கழிவு பழைய தொட்டியிலேயேதான் தேங்கி மண்ணில் இறங்கும். இணைப்புக் கட்டணம் கட்ட முடியாத வீடுகளுக்கு மன்றமே செலவை ஏற்க வேண்டும் என்பது என் கருத்து, ஏனென்றால் ஒரு வீடு விடுபட்டாலும் கசிவு தெரு முழுக்கத்தான்.

அடுத்த கூட்டத்தில் நான் கேட்கப்போவது ஒன்றுதான். வேலை முடிந்ததும், உண்மையில் எந்த இடத்தில் எவ்வளவு ஆழத்தில் எந்தக் குழாய் போயிருக்கிறது, வால்வு எங்கே இருக்கிறது என்கிற வரைபடத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வையுங்கள். எங்கள் தெருவில் அன்றைக்கு அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்க நான்கு இடத்தில் தோண்டினார்கள், குழாய் எங்கே போகிறது என்று அங்கே இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை.